உதிர்ந்துபோன 'கள்'

அன்புள்ள ஐயா,

என் அப்பாவின் போனில் இசையமைப்பாளர் எம்.எஸ். விஸ்வநாதனின் பழைய பாடல்களைத் தொகுத்து, 'எம்.எஸ்.வி. பாட்டுகள்' என்று தலைப்பு வைத்துக் கொடுத்தேன். கேட்டுக்கொண்டே வந்தவர், "இதுல பாதிக்கு மேல ரெண்டு பேரும் சேர்ந்து போட்டது. ராமமூர்த்தி எங்கடா?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மெட்டெல்லாம் விஸ்வநாதனுடையது, ராமமூர்த்தி வாத்தியங்களைப் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான் என்கிறார்கள் நண்பர்கள். அது சரியா? யார் பங்கு எது என்று எதை வைத்துச் சொல்வது?

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

இந்தக் கேள்வி திருச்சியிலிருந்து வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ராமமூர்த்தி உங்கள் ஊர்க்காரர். 1922இல் வயலின் குடும்பத்தில் பிறந்தவர், விஸ்வநாதனைவிட ஆறு வயது மூத்தவர்.

இருவரும் இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமனின் குழுவில் இருந்தார்கள். ராமமூர்த்தி வயலின், விஸ்வநாதன் ஆர்மோனியம். 1952இல் சுப்பராமன் இளம் வயதிலேயே மறைந்தபோது, 'தேவதாஸ்' உட்படப் பாதியில் நின்ற வேலைகள் இவர்கள் கைக்கு வந்தன. அதே ஆண்டு என்.எஸ். கிருஷ்ணனின் 'பணம்' படத்தில் இரண்டு பெயர்களும் சேர்ந்து வந்தன. அங்கிருந்து 1965இல் 'ஆயிரத்தில் ஒருவன்' வரை பதின்மூன்று ஆண்டுகள். 1963இல் சென்னையில் பட்டம் கொடுத்தபோது 'மெல்லிசை மன்னர்கள்' என்று பன்மையில்தான் கொடுத்தார்கள். பிறகு அந்தக் 'கள்' நம் பேச்சிலிருந்து உதிர்ந்துவிட்டது. உங்கள் அப்பா கேட்டது அதைத்தான்.

உங்கள் நண்பர்கள் சொல்வதில் 'அவ்வளவுதான்' என்ற சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இன்று இரவு 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) படத்தின் 'சொன்னது நீதானா' பாட்டை ஹெட்போனில் கேளுங்கள். நோயில் கிடக்கும் கணவன், தனக்குப் பிறகு நீ வேறொருவரை மணந்துகொள் என்கிறான். அதைத் தாங்க முடியாமல் மனைவி பாடுகிறாள். 'சொல்' என்ற ஒரே சொல் அடுத்தடுத்து மூன்று முறை வருகிறது. அதட்டலும் கெஞ்சலும் ஒன்றாகக் கலந்த குரல் சுசீலாவுக்கு. அவர் நிறுத்தியதும் சிதார் எடுத்துக்கொள்கிறது. அந்தப் பெண்ணால் வாய்விட்டுச் சொல்ல முடியாத மிச்சம் முழுவதும் அந்த இடையிசையில் இருக்கிறது. பாடகி மூச்சு வாங்கிக்கொள்ளட்டும் என்று போட்ட இசையா அது? அங்கே மெட்டு எங்கே முடிகிறது, வாத்தியம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ முறை முயன்று பார்த்துவிட்டேன். அதே இருவர் இரண்டே ஆண்டுகளில் 'புதிய பறவை'யின் 'எங்கே நிம்மதி'க்குப் பெரும் வாத்தியப் படையையே திரட்டினார்கள்.

கண்ணதாசனையும் சேர்த்தால் கணக்கு இன்னும் சிக்கல். (அவரும் விஸ்வநாதனும் பிறந்தது ஒரே தேதி, ஜூன் 24. வருடம்தான் ஒன்று தள்ளி.) 'பாசமலர்' படத்து 'மலர்ந்தும் மலராத' தாலாட்டில், பிரிந்து வாழும் அண்ணனும் தங்கையும் வேறு வேறு வீட்டில் தத்தம் குழந்தைக்குப் பாடுகிறார்கள். முகம் பார்த்துக்கொள்ளாத இருவரையும் ஒரே மெட்டு சேர்த்துக் கட்டுகிறது. கேட்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். அழவைத்தது கவிஞரா, இசையமைப்பாளர்களா என்று அந்த நேரத்தில் யார் பிரித்துப் பார்ப்பார்கள்?

ராமமூர்த்திக்குத் தனியாக மெட்டுப் போட வருமா என்ற சந்தேகம் யாருக்காவது இருந்தால், 'மறக்க முடியுமா' (1966) படத்தின் 'காகித ஓடம்' பாட்டைக் கேட்கச் சொல்லுங்கள். மு. கருணாநிதி எழுதியது, பாடியது சுசீலா. இசை ராமமூர்த்தி மட்டும். முதல் வரி தொடங்கியதும் ஓடம் ஆடத் தொடங்கிவிடும்.

1965இல் இருவரும் பிரிந்த பிறகு ராமமூர்த்திக்குக் கிடைத்த படங்கள் குறைவு. விஸ்வநாதனோ நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசையமைத்துக்கொண்டே போனார். வற்றாத ஊற்று அவர். அதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. ஆனால் பின்னால் வந்த அந்தப் பெரிய எண்ணிக்கையை வைத்து, முன்னால் இருவருமாகச் செய்ததையும் ஒருவர் கணக்கில் எழுதிவிட்டோம். ஏன் பிரிந்தார்கள் என்பதற்குக் கதைகள் பல உலவுகின்றன. அவை எனக்கு வேண்டாம். 1995இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்காக மறுபடியும் சேர்ந்தார்கள், 2012இல் ஒரே மேடையில் அரசின் மரியாதையைப் பெற்றார்கள். அடுத்த ஆண்டே ராமமூர்த்தி போய்விட்டார். விஸ்வநாதன் 2015இல்.

உங்கள் தொகுப்பை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். 1965 வரையில் உள்ளதற்கு 'விஸ்வநாதன் – ராமமூர்த்தி' என்று முழுப் பெயர் வையுங்கள். 'காகித ஓடம்' அதில் இல்லையென்றால் தனியாகச் சேர்த்து, அப்பாவுக்கு அதை முதலில் போட்டுக் காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.