அலர்ஜி சிரப் இரண்டு தடவை போய்விட்டது, மூளைக்கு ஆகுமா டாக்டர்?

பையனுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை அம்மணி. அமுச்சி (பாட்டி) காலையிலேயே ஒரு மூடி அலர்ஜி சிரப் கொடுத்தது தெரியாமல், மில்லுக்குக் கிளம்பும் அவசரத்தில் நீங்களும் ஒரு மூடி ஊற்றிவிட்டீர்கள், மூன்று வயதுப் பையன் சாயங்காலம்வரை தூங்கினான், எழுந்து சோறு தின்றான், விளையாடினான். பத்து நாள் ஆயிற்று என்கிறீர்கள். அந்த மருந்து எப்போதோ உடம்பை விட்டுப் போயிருக்கும். ஞாபகம் மங்கும், படிப்பு வராது என்று யூடியூபில் பார்த்ததை விடுங்கள். ஸ்கேனும் வேண்டாம், ரத்தப் பரிசோதனையும் வேண்டாம்.

ஆனால் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை இதே மாதிரி சிரப்பைக் குடித்துவிட்டு ராத்திரியெல்லாம் உளறி, வெறும் காற்றில் எதையோ பிடிக்கப் போனதாம், காத்து கருப்பு என்று விடியும்வரை வைத்திருந்து மந்திரித்துக் கூட்டி வந்தார்களாம். டைபென்ஹைட்ரமின், குளோர்பெனிரமின் போன்ற பழைய தலைமுறை அலர்ஜி மருந்துகள் அளவு மீறினால் எல்லாக் குழந்தையும் சுருண்டு படுப்பதில்லை, சிலது நிலைகொள்ளாமல் துள்ளும். முகம் சிவந்து, துளி வேர்வை இல்லாமல் தோல் காய்ந்து சுடும், கண்மணி விரிந்து கிடக்கும், நாக்கு ஒட்டும், மூத்திரம் வராது, இல்லாத பூச்சியைப் பிடிக்கும். காய்ச்சல்தானே என்று மேலே இன்னொரு மருந்தை ஊற்றாதீர்கள். அடுத்து வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். உடனே 108. பாட்டிலையும் கையோடு கொண்டு போங்கள், என்ன மருந்து, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அதைப் பார்த்துத்தான் டாக்டர் கணக்குப் போட முடியும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது கூடவே கூடாது. தட்டியும் எழாத தூக்கம் என்றாலும் உடனே 108தான்.

அப்புறம், சளிக்கு ஒரு பாட்டில், தும்மலுக்கு ஒரு பாட்டில் என்று மருந்துக்கடையில் நீங்களாகவே கேட்டு வாங்குவதை நிறுத்துங்கள். பெயர் வேறாக இருக்கும், பல சமயம் இரண்டிலும் உள்ளே குளோர்பெனிரமின்தான் இருக்கும். குளோர்பெனிரமினோடு மூக்கடைப்புக்கான பினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று பாட்டிலிலேயே அச்சிட வேண்டும் என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி உத்தரவே போட்டார். உங்கள் பாட்டிலை எடுத்துப் பாருங்கள், இரண்டும் இருந்தால் பையனுக்கு இனி அது வேண்டாம்.

ஆடிக்காற்றுக்கு மூக்கொழுகுவதெல்லாம் தானாக அடங்கும். மில்லிலிருந்து வந்ததும் பஞ்சு ஒட்டிய துணியை மாற்றிவிட்டுப் பையனைத் தூக்குங்கள். அமுச்சியைத் திட்டாதீர்கள், அவரா நீங்களா, மருந்து கொடுப்பது ஒருவர் மட்டும் என்று இன்றைக்கே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.