சிஸ்டர் பதில்கள்: தலையாட்டிவிட்டுப் போகும் பாட்டி

(இடுக்கி மாவட்டத் தோட்ட ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கம்பத்து நர்ஸ் ஒருவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: குமுளியில் நர்ஸாக இருக்கிறேன். கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் வந்துபோகும் ஒரு பாட்டிக்கு இன்சுலின் போடுவதைப் பல தடவை சொல்லிக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். வீட்டுக்குப் போனால் போடுவதில்லை. சர்க்கரை ஏறி மறுபடி வந்து நிற்கிறார். எரிச்சலாக வருகிறது.
- வாசகி, குமுளி

பதில்: எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அது குரலில் தெரிந்தால் பாட்டி இன்னும் வேகமாகத் தலையாட்டுவார். ட்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி சொல்லியிருப்பீர்கள், இல்லையா? கங்காணிக்கும் சூப்பர்வைசருக்கும் எதிர்ப்பேச்சு பேசாமலே வேலை செய்து பழகியவர், யூனிஃபார்ம் போட்ட உங்களிடம் மட்டும் பேசிவிடுவாரா? ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

உட்கார்ந்ததும் ஊசிப் பேச்சை எடுக்காதீர்கள். "ஜீப் எத்தனை மணிக்கு வருது பாட்டி? காலைச் சாப்பாடு எங்கே?" என்று கேளுங்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் விடியுமுன் சமைத்துத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு போய், தோட்டத்தில்தான் வாயில் வைப்பார்கள். நீங்கள் "காலையில் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் ஊசி" என்றிருப்பீர்கள். பாட்டி வீட்டிலேயே போட்டுக்கொண்டு ஜீப் ஏறியிருப்பார். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போதே, வெறும் வயிற்றில் சர்க்கரை இறங்கி, வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்டியிருக்கும். இது என் யூகம்தான். அப்படி ஒருதரம் ஆகியிருந்தால் மறுநாள் யார் ஊசியைத் தொடுவார்? வெளியே சொன்னால் வேலைக்கு வர வேண்டாம் என்பார்களோ என்ற பயம் வேறு.

நேரத்தையோ மருந்தையோ மாற்றுவது டாக்டர் வேலை. ஆனால் பாட்டி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்று டாக்டரிடம் போய்ச் சொல்ல உங்களை விட்டால் ஆள் கிடையாது.

அப்புறம், "புரிஞ்சுதா?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். "நான் ஒழுங்காச் சொல்லிக் கொடுத்தேனான்னு பார்க்கணும், வீட்டுல எப்படிப் போடுவீங்க, செஞ்சு காட்டுங்க" என்று சிரிஞ்சைக் கையில் கொடுங்கள். பரீட்சை உங்களுக்குத்தான் என்று ஆகிவிட்டால் பாட்டிக்குக் கூச்சம் போய்விடும். அவர் வாங்கி வைத்திருக்கும் சிரிஞ்சையும் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், மில்லிக்கு 100 யூனிட் உள்ள குப்பிக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். வேர்த்து நடுக்கம் வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். முந்தானையில் ஒரு பொட்டலம் எப்போதும் முடிந்திருக்கட்டும்.

கேள்வி: டிஸ்சார்ஜ் ஆன ஓர் அம்மா என்னை மகள் என்கிறார். ஏலக்காய் கொண்டுவருகிறார், போன் நம்பர் கேட்கிறார். மறுக்க மனசு வரவில்லை.
- வாசகி, வண்டிப்பெரியாறு

பதில்: மகள் என்று கூப்பிடட்டும், அதிலென்ன? ஆனால் ராத்திரி நெஞ்சு வலித்தால் அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பாமல் உங்களுக்கு போன் போடுவார். நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். அதனால் வார்டு நம்பரைக் கொடுங்கள். நர்ஸுக்கும் நோயாளிக்கும் உள்ள உறவு கட்டம் கட்டமாக வளர்ந்து, கடைசியில் நோயாளி தன் காலில் நிற்பதோடு முடிய வேண்டியது என்று அமெரிக்க நர்ஸ் ஹில்டகார்ட் பெப்லாவ் 1952-லேயே எழுதிவிட்டார். அட்மிஷன் அன்றே "நீங்க வீட்டுக்குப் போறவரைக்கும் நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லி வைத்தால் பிற்பாடு இந்தச் சங்கடம் பாதி குறையும்.

ஏலக்காயா? உங்கள் ஆஸ்பத்திரியில் பரிசு வாங்கக் கூடாதென்று விதி இருந்தால் அதைச் சொல்லித் திருப்பிக் கொடுங்கள். இல்லாவிட்டால் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லிவிட்டு வார்டு டீயில் தட்டிப் போடுங்கள்.