முடக்குவாத மூட்டில் சைட்டோகைன்கள்: வாசகர் கேள்விகளும் மூட்டுநோய் மருத்துவரின் பதில்களும்

கேள்வி: எனக்கு ருமட்டாய்டு மூட்டுவாதம் (முடக்குவாதம்) இருக்கிறது. சைட்டோகைன்கள்தான் காரணம் என்கிறார் மருத்துவர். அவை மூட்டுக்குள் என்ன செய்கின்றன?

பதில்: செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பச் சுரக்கும் சிறு புரதங்களே சைட்டோகைன்கள். நலமான மூட்டில், அதன் உட்புறத்தை மூடியிருக்கும் சினோவியச் சவ்வின் மேலடுக்கு ஓரிரு செல் தடிமன் மட்டுமே இருக்கும்; இந்நோயில் அது பத்து செல் அடுக்குகளுக்கு மேலும் தடித்து, புதிய ரத்தக்குழாய்களுடன் குருத்தெலும்பின் மீது படர்கிறது. அங்கே குவியும் மேக்ரோஃபேஜ் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 ஆகிய சைட்டோகைன்களைச் சுரக்க, அவற்றால் தூண்டப்படும் ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் இணைப்புத்திசுச் செல்கள் குருத்தெலும்பைச் சிதைக்கும் நொதிகளை வெளியிடுகின்றன. ராங்க் லிகண்ட் என்னும் மற்றொரு புரதம் எலும்பைக் கரைக்கும் செல்களைப் பெருக்குகிறது. கை எக்ஸ்ரேயில் விரல் மூட்டின் ஓரத்தில், சவ்வு எலும்பைத் தொடும் இடத்தில், சிறு பள்ளம் தெரிவது இதனால்தான்.

கேள்வி: இத்தனை புரதங்கள் இருக்கும்போது, ஒன்றை மட்டும் தடுக்கும் ஊசி எப்படிப் பலன் தருகிறது?

பதில்: நல்ல கேள்வி; 1980களில் நோயெதிர்ப்பியல் அறிஞர்கள் பலருக்கும் இதே ஐயம் இருந்தது. லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி ஆகியோரின் குழு, நோயாளிகளின் மூட்டுச் சவ்விலிருந்து எடுத்த செல்களை வளர்த்து, அதில் டி.என்.எஃப்.பை மட்டும் தடுத்தபோது, இன்டர்லூக்கின்-1 உற்பத்தியும் குறைந்ததை 1989இல் வெளியிட்டது. அதாவது டி.என்.எஃப். மேல்படியில் நின்று மற்றவற்றையும் இயக்குகிறது. 1992இல் லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில், டி.என்.எஃப்.பைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் செலுத்தப்பட்ட முதல் நோயாளிகளுக்கு வலியும் வீக்கமும் தணிந்தன. ஆனால் மருந்தின் வீரியம் குறைந்ததும் நோய் திரும்பியது. தடுப்பது வேறு, குணப்படுத்துவது வேறு என்பது அன்றே தெரிந்துவிட்டது. ஜப்பானில் நோயெதிர்ப்பியல் அறிஞர் கிஷிமோட்டோவின் ஆய்வுவழி வந்த, இன்டர்லூக்கின்-6 பாதையை அடைக்கும் டோசிலிசுமாப் 2008இல் அங்கு இந்நோய்க்கு அனுமதி பெற்றது. இன்டர்லூக்கின்-1ஐத் தடுக்கும் அனகின்ரா இந்நோயில் எதிர்பார்த்த அளவு பயன்தரவில்லை. சோரியாசிஸ் என்னும் தோல்நோயோடு வரும் மூட்டுவாதத்தில் நன்கு வேலை செய்யும் இன்டர்லூக்கின்-17 தடுப்பு மருந்துகளும் இங்கே சோபிக்கவில்லை. ஒரு புரதம் மூட்டு நீரில் மிகுந்திருப்பதாலேயே அதைத் தடுத்தால் நோய் அடங்கும் என்று கருதிவிட முடியாது.

கேள்வி: அப்படியானால் இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. டி.என்.எஃப்.பைத் தடுக்கும் எடனர்செப்டையும் அனகின்ராவையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வில் கடும் தொற்றுகள் கூடினவே தவிர, கூடுதல் பலன் கிடைக்கவில்லை. பல சைட்டோகைன்களின் செய்தியை ஒரே சமயத்தில் செல்லுக்குள்ளேயே மட்டுப்படுத்தும் டோஃபாசிட்டினிப் போன்ற மாத்திரைகள் உண்டு. ஆனால் 2021இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதய நோய், ரத்த உறைவு, புற்றுநோய் குறித்த எச்சரிக்கையை வலுப்படுத்திய பிறகு, முதியோருக்கும் புகைபிடிப்போருக்கும் இவற்றை எழுதுமுன் நான் மிகவும் யோசிக்கிறேன்.

கேள்வி: இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் என் மனைவிக்கு ரத்தச்சோகை தீரவில்லை. மூட்டு நோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. இன்டர்லூக்கின்-6 ரத்தத்தின் வழியே கல்லீரலை அடைந்து, அங்கே ஹெப்சிடின் என்ற ஹார்மோனைப் பெருக்குகிறது. அது குடலிலிருந்து இரும்பு ஏறுவதையும், சேமிப்பிலிருக்கும் இரும்பு வெளியேறுவதையும் தடுக்கிறது. அழற்சி அடங்கினால் ஹீமோகுளோபினும் பெரும்பாலும் ஏறும். ஆயினும் வலிமாத்திரைகளால் வயிற்றில் ரத்தக்கசிவு இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதமான சி.ஆர்.பி. உயர்வதும் இதே இன்டர்லூக்கின்-6 தூண்டுதலால்தான். எனவே டோசிலிசுமாப் பெறுபவருக்குக் காய்ச்சல் வந்தால், சி.ஆர்.பி. சரியாக இருக்கிறது என்று தொற்றை மறுத்துவிடக் கூடாது. எந்த மருத்துவரிடம் சென்றாலும் ஊசியின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஊசி தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை எதற்கு? எனக்கு இருமலே இல்லை.

பதில்: காசநோய்க் கிருமியை நுரையீரலில் சுற்றிவளைத்து அடக்கி வைத்திருக்கும் செல் திரளைக் குலையாமல் காப்பது டி.என்.எஃப். அதைத் தடுத்தால் உறங்கிக் கிடந்த கிருமி விழித்தெழலாம். நம் நாட்டில் இத்தகைய மறைந்த தொற்று மிகப் பரவலானது என்பதால், மார்பு எக்ஸ்ரேயும், மாண்டூ (தோல் சோதனை) அல்லது இக்ரா (ரத்தச் சோதனை) ஆகியவற்றில் ஒன்றும் தவிர்க்க முடியாதவை. தொற்று இருப்பது தெரிந்தால், காசநோய்த் தடுப்பு மருந்தைத் தொடங்கிச் சுமார் ஒரு மாதம் கழித்து ஊசியை ஆரம்பிப்பதே வழக்கம்.

கேள்வி: ஆய்வகத்தில் சைட்டோகைன் அளவைப் பரிசோதிக்கலாமா?

பதில்: தேவையில்லை. ரத்தத்தில் உள்ள அளவு மூட்டுக்குள் நடப்பதை நேராகக் காட்டாது. மருந்துத் தேர்வும் அதனால் மாறப்போவதில்லை. வீங்கிய மூட்டுகளை எண்ணிப் பார்த்து, சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். ஆகிய அழற்சிக்கான ரத்தப் பரிசோதனைகளோடு சேர்த்து மதிப்பிடுவதே போதும்.