ஹெட்லைட்டுக்குள் ஈரம்

கேள்வி: மழை பெய்தாலே கார் ஹெட்லைட்டுக்குள் ஆவி படிகிறது. புதிதாக மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஹெட்லைட்டில் சூடான காற்று வெளியேறச் சின்னத் துவாரங்கள் இருக்கும், அதன் வழியே ஈரக்காற்றும் உள்ளே வரும் என்பதால் லேசாக ஆவி படிவது சகஜம்தான், விளக்கைக் கொஞ்ச நேரம் எரியவிட்டால் போய்விடும். எல்இடி என்றால் கண்ணாடி அவ்வளவு சூடாகாது, மறைய நேரமாகும். துளித்துளியாக வழிந்தாலோ அடியில் தண்ணீர் தேங்கினாலோதான் கோளாறு. முதலில் பின்பக்க ரப்பர் மூடியைப் பாருங்கள், பல்பு மாற்றியபோது சரியாக உட்காராமல் ஓரம் மடங்கிக் கிடக்கும், பல சமயம் அதுதான் காரணம். கழற்றி, உள்ளே நன்றாகக் காயவிட்டு, அப்புறம் அழுத்திப் பொருத்துங்கள். ஹெட்லைட்டிலேயே விரிசல் இருந்தால் அதை மாற்றத்தான் வேண்டும். தயவுசெய்து துவாரங்களை மட்டும் சிலிக்கோன் பசை பூசி அடைத்துவிடாதீர்கள், உள்ளே போன ஈரம் வெளியேற வழியே இருக்காது.