ஜாக்கி பம்ப் ஓயாமல் எடுக்கிறதா? பேனலை மேனுவலில் போடாதீர்கள்

"எங்கள் ஆலையில் தீயணைப்புக்கான ஹைட்ரன்ட், ஸ்பிரிங்க்ளர் இரண்டுக்கும் ஒரே பம்ப் ஹவுஸ். ஆறு மாதமாக ஜாக்கி பம்ப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கிறது. சில இரவுகளில் மெயின் பம்பும் தானாக ஓடிவிடுகிறது. ஒப்பந்தக்காரர் 'பழைய லைன், அப்படித்தான் இருக்கும்' என்று சொல்லி மெயின் பம்ப் பேனலை மேனுவலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மண்ணுக்கடியில் போகும் பைப் முழுவதையும் மாற்றத்தான் வேண்டுமா?" பராமரிப்பு மேற்பார்வையாளராக இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தீயணைப்பு லைனில் எப்போதும் பிரஷரைப் பிடித்து வைக்கும் சின்ன பம்ப்தான் ஜாக்கி. பிரஷர் அதற்கும் கீழே விழுந்தால் தானாக எடுப்பது, அதாவது ஓடத் தொடங்குவது, மெயின் பம்ப்.

முதலில் பம்ப் ஹவுஸுக்குப் போய் அந்த செலக்டரை ஆட்டோவுக்குத் திருப்புங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம். பேனல் மேனுவலில் இருந்தால், நள்ளிரவில் கிடங்கில் தீச்சூட்டில் நான்கு ஸ்பிரிங்க்ளர் உடைந்து தண்ணீர் கொட்டும்போது அதற்கு ஈடுகொடுக்க ஜாக்கி மட்டும்தான் இருக்கும். சில நிமிடங்களில் பிரஷர் விழுந்துவிடும். யாராவது ஓடிவந்து பட்டனை அழுத்தும்வரை தீ காத்திருக்காது. இரவில் மெயின் பம்ப் வீணாக ஓடிச் சூடாகுமே என்ற கவலை நியாயமானதுதான். அதற்கு, பம்ப் எடுத்தால் யார் போய்ப் பார்ப்பது, தீ இல்லை என்று உறுதி செய்தபின் யார் கையால் நிறுத்துவது என்று இரவுப் பணியில் ஒருவரை நியமித்துவிடுங்கள்.

இனி ஜாக்கி. எல்லோரும் அது எத்தனை முறை எடுக்கிறது என்றுதான் எண்ணுகிறார்கள். ஒவ்வொரு முறையும் எத்தனை விநாடி ஓடுகிறது என்பதுதான் முக்கியம். தண்ணீர் அமுங்காது. காற்றில்லாமல் நிறைந்த லைனில் ஒரு குவளை தண்ணீர் கசிந்தாலே கேஜின் முள் சட்டென்று இறங்கும், ஜாக்கி எடுக்கும், இரண்டு விநாடியில் கட் ஆகும். அது சின்னக் கசிவு. ஆனால் நிமிடத்துக்கு 180 லிட்டர் தரும் ஜாக்கி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 20 விநாடி ஓடுகிறது என்று வையுங்கள். ஒரு முறைக்கு 60 லிட்டர், மணிக்கு 360, ஒரு நாளைக்கு 8,640 லிட்டர். அவ்வளவு தண்ணீர் எங்கோ போகிறது. கைபேசியில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு அரை நாள் குறித்து வையுங்கள். கணக்கு தோராயமானதுதான், ஆனால் எதைத் தேடுகிறோம் என்பது தெரிந்துவிடும்.

மண்ணைத் தோண்டுவது கடைசி வேலை. என் அனுபவத்தில் பாதிக்கு மேல் கோளாறு பம்ப் ஹவுஸுக்குள்ளேயே கிடைத்திருக்கிறது. பம்பை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் லைன் தொட்டிக்குத் திரும்பும் இடத்தைப் பாருங்கள். பைப் வாய் காய்ந்திருக்க வேண்டும். நூல் போல ஒழுகினால் அந்த லைனின் வால்வு பாஸ் ஆகிறது, அதாவது மூடியிருந்தும் தண்ணீரை விடுகிறது. அதிகப் பிரஷரை வெளியேற்றும் ரிலீஃப் வால்வின் வாயையும் அப்படியே பாருங்கள். அடுத்து, நின்றுகொண்டிருக்கும் மெயின் பம்பை மோட்டாரோடு இணைக்கும் கப்ளிங்கைப் பாருங்கள். அது மெதுவாகப் பின்பக்கமாகச் சுற்றினால், தண்ணீரைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வின் கதவு சரியாக உட்காரவில்லை. லைன் தண்ணீர் பம்ப் வழியாகவே தொட்டிக்குத் திரும்புகிறது. கப்ளிங் சுற்றாவிட்டாலும் வால்வு நல்லது என்று விட்டுவிடாதீர்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை வால்வு உடலில் வைத்துப் பிடியைக் காதில் அழுத்துங்கள். பாஸ் ஆகும் வால்வு சீறும். ஜாக்கியின் சொந்த நான்-ரிட்டர்ன் வால்வையும் சேர்த்துப் பாருங்கள்; அடிக்கடி அடித்துத் திறப்பதால் அதுதான் முதலில் தேயும்.

அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் லைனைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனை நேரத்தில் மட்டும் மெயின் பம்ப் பேனலை மேனுவலில் வைக்கலாம், அதுவும் பேனல் முன்னால் ஒரு ஆள் நின்றால். ஜாக்கியை நிறுத்தி, பம்புகள் எல்லாம் சேரும் பெரிய பைப்பான ஹெடரிலிருந்து வெளியே போகும் வால்வை மூடுங்கள். வெளிப்பக்கம் பிரஷர் நிற்கிறது, பம்ப் பக்கம் விழுகிறது என்றால் கோளாறு உள்ளே. நேர்மாறாக இருந்தால் வெளியே. அப்போது ஒவ்வொரு பகுதி வால்வாக மூடி, எதை மூடியதும் முள் நிற்கிறது என்று பாருங்கள்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஸ்பிரிங்க்ளர் அலார்ம் வால்வு, அதாவது ஸ்பிரிங்க்ளர் பைப்புகளுக்குத் தண்ணீர் ஓடினால் மணி அடிக்கவைக்கும் வால்வு. அதில் இரண்டு கேஜ் இருக்கும். வால்வின் கதவே ஒரு நான்-ரிட்டர்ன் போல வேலை செய்வதால், கீழே லைனில் பிரஷர் விழுந்தாலும் மேல் கேஜ் அசையாமல் நிற்கும். லைனைப் பற்றிச் சொல்வது கீழ் கேஜ்தான். மேல் முள் நாள் கணக்கில் ஒரே இடத்தில் நின்றால், ஸ்பிரிங்க்ளர் பைப்புகளில் கசிவு இல்லை என்று நிம்மதியாகத் தள்ளிவிடலாம்.

ஒருமுறை மூன்று நாள் தேடினேன். கடைசியில், சுற்றுச்சுவர் ஓரத்து ஹைட்ரன்ட் வால்வில் யாரோ குறுகலான மூடி வைத்துக் குழாய் மாட்டி, லாரி கழுவிக்கொண்டிருந்தார்கள். ஹோஸ் ரீல்களையும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள்.

மெயின் பம்ப் இரவில் எடுப்பதற்குக் கசிவு மட்டுமே காரணமாக இருக்காது. இரண்டு பம்புகளையும் எடுக்கவைக்கும் பிரஷர் ஸ்விட்ச்களின் செட்டிங் ஒன்றுக்கொன்று நெருங்கிப்போயிருக்கலாம். அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 20 தரநிலை சொல்லும் இடைவெளி இது: ஜாக்கி கட் ஆவதற்கும் எடுப்பதற்கும் குறைந்தது 10 பி.எஸ்.ஐ. (சுமார் 0.7 பார்), ஜாக்கி எடுப்பதற்கும் மெயின் எடுப்பதற்கும் 5, அடுத்த பம்புக்கு இன்னும் 10. உதாரணமாக ஜாக்கி 8 பாரில் கட் ஆனால் 7.3-இல் எடுக்க வேண்டும், மெயின் 6.9-இல், டீசல் பம்பும் இருந்தால் அது 6.2-இல். உங்கள் பேனலில் ஜாக்கியும் மெயினும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றால், இரவுக் குளிரில் தண்ணீர் சற்றுச் சுருங்கினாலே மெயின் எடுத்துவிடும். லைன் பிரஷரைப் பேனலுக்குக் கொண்டுவரும் சிறு பைப்பான சென்சிங் லைனை இரண்டு பேனலுக்கும் ஒன்றாகவே போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் தனியாக இருக்க வேண்டும்.

மண்ணுக்கடியில்தான் கசிவு என்று உறுதியானாலும், எந்தப் பகுதி வால்வுக்கு அப்பால் என்று தெரிந்துவிட்டதே, அந்தத் துண்டை மட்டும் தோண்டினால் போதும். ஆனால் தள்ளிப்போடாதீர்கள். ஆக்சிஜன் தீர்ந்த பழைய தண்ணீர் நிற்கும் இரும்புப் பைப் மெதுவாகத்தான் அரிக்கும். கசிவு இருந்தால் ஒவ்வொரு பத்து நிமிடமும் ஆக்சிஜனோடு புதுத் தண்ணீர் உள்ளே போகிறது. ஒரு ஓட்டை நான்காகும்.

பழுது பார்க்கும் நாளில் சிஸ்டம் நிற்கும். அன்று வெல்டிங், கட்டிங் எதற்கும் அனுமதி தராதீர்கள். மூடிய வால்வு ஒவ்வொன்றிலும் எண், நேரம், பெயர் எழுதிய அட்டை தொங்கட்டும். தீக்காவலுக்கு ஆள் சுற்றிவரட்டும். 24 மணி நேரத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் சிஸ்டம் நிற்கும் என்றால் தீக்காவல் போன்ற மாற்று ஏற்பாட்டை என்.எஃப்.பி.ஏ. 25 தரநிலையே கேட்கிறது.

வேலை முடிந்து வால்வுகளைத் திறந்ததும் கேஜ் பழைய இடத்துக்கு வந்துவிட்டது என்று கிளம்பிவிடாதீர்கள். வால்வு இரண்டு சுற்று மட்டும் திறந்திருந்தாலும் ஓடாத தண்ணீரில் கேஜ் முழுப் பிரஷரையே காட்டும். தண்ணீரை ஓடவிட்டால்தான் குட்டு வெளிப்படும். அலார்ம் வால்வில் தண்ணீரை வெளியேற்றும் மெயின் டிரெயினை முழுவதும் திறந்து, கீழ் கேஜின் முள் எந்த எண்ணில் நிலைக்கிறது என்று குறித்து, பழுதுக்கு முன் எடுத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். அதிகம் இறங்கினால் எங்கோ ஒரு வால்வு பாதி மூடிக் கிடக்கிறது. அந்தப் பழைய எண் உங்களிடம் இல்லையென்றால், வேலையைத் தொடங்குவதற்கு முந்தைய நாளே மெயின் டிரெயினைத் திறந்து எடுத்து, பேனல் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள்.