அம்மாவின் மூளை ஸ்கேனில் 'சுருக்கம்' என்று வந்திருக்கிறது. பெட் ஸ்கேனும் எடுக்க வேண்டுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. ஓராண்டாகவே மறதி கூடிக்கொண்டு வருகிறது. கேட்டதையே மறுபடி மறுபடி கேட்கிறார்; இரண்டு முறை அடுப்பை அணைக்க மறந்துவிட்டார். எம்.ஆர்.ஐ. எடுத்தோம். 'வயது சார்ந்த மூளைச் சுருக்கம், ஃபஸேகாஸ் 1' என்று ரிப்போர்ட் வந்தது. இது அல்சைமரா இல்லையா என்று புரியவில்லை. பெட் ஸ்கேன் எடுத்தால் உறுதியாகத் தெரிந்துவிடும் என்கிறார் உறவினர் ஒருவர். எடுக்கலாமா? எனக்கு 44 வயது. நானும் இப்போதே எடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லதா?

பதில்: உங்களைப் பயமுறுத்தியிருக்கும் அந்த இரண்டு குறிப்புகளையும் முதலில் பார்த்துவிடுவோம். 'வயது சார்ந்த சுருக்கம்' என்பது நோயின் பெயர் இல்லை. வயதானவர்களின் மூளை, நோய் எதுவும் இல்லாவிட்டாலும், ஆண்டுக்குச் சுமார் அரை சதவீதம் சிறுத்துக்கொண்டே வரும். எழுபதைத் தாண்டிய யாருக்கு ஸ்கேன் எடுத்தாலும் மூளை மடிப்புகளுக்கு இடையிலுள்ள பள்ளங்கள் கொஞ்சம் அகன்றுதான் தெரியும். ஃபஸேகாஸ் என்பது மூளையின் வெண்பகுதியில் தெரியும் வெள்ளைப் புள்ளிகளுக்கான மதிப்பெண். 0 முதல் 3 வரை போகும். 1 என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகள். 71 வயதில் இது மிகச் சாதாரணம். புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து திட்டுத்திட்டாகத் தெரியும் 3 என்று வந்திருந்தால், சிறு ரத்தக்குழாய்கள் பழுதடைந்ததால் வந்த மறதியா என்று யோசித்திருப்போம்.

ஆனால் நீங்கள் எழுதிய வரியில் ஹிப்போகேம்பஸ் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அல்சைமரைச் சந்தேகித்து எடுத்த ஸ்கேனில் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காதுக்கு உட்புறமாக, மூளையின் பொட்டுப் பக்கத்துப் பகுதியான பொட்டு மடலின் உள்ளோரத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் சிறிய உறுப்பு அது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 மில்லிலிட்டர்தான் இருக்கும். இன்று காலை நடந்ததை மாலையில் நினைவுபடுத்திச் சொல்ல இது வேண்டும். அல்சைமரில் சீக்கிரமே அடிபடும் இடங்களில் இதுவும் ஒன்று. வயதானவர்களுக்கு இயல்பாக ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம் சுருங்கும் இது, அல்சைமர் உள்ளவர்களுக்கு 4 முதல் 5 சதவீதம் சுருங்குகிறது.

இதைப் படத்தில் அளக்க எளிய முறை ஒன்று உண்டு. நெதர்லாந்து நரம்பியல் மருத்துவர் பிலிப் ஷெல்டன்ஸும் அவரது குழுவினரும் 1992இல் வெளியிட்ட 0 முதல் 4 வரையிலான மதிப்பெண் அது. மூளையை முகத்துக்கு இணையாக வெட்டியதுபோல் காட்டும் படங்களில், ஹிப்போகேம்பஸைச் சுற்றியுள்ள கறுப்பு இடைவெளியைப் பார்க்கிறோம். இடைவெளியே இல்லையென்றால் 0. மேலே உள்ள மெல்லிய பிளவு மட்டும் அகன்றிருந்தால் 1. பக்கத்தில் உள்ள நீர் அறையும் விரிந்திருந்தால் 2. ஹிப்போகேம்பஸின் உயரமே குறையத் தொடங்கியிருந்தால் 3, நன்றாகவே குறுகிப்போயிருந்தால் 4. 75 வயதுக்குள் இருப்பவருக்கு 2 வந்தாலே இயல்பல்ல என்று எடுத்துக்கொள்கிறோம். 75ஐத் தாண்டியவருக்கு 3 வந்தால்தான் இயல்பல்ல என்போம். இதற்கு ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள முப்பரிமாணப் படங்கள் தேவை. அவசரமாக எடுக்கும் 5 மில்லிமீட்டர் படங்களில், இவ்வளவு சிறிய உறுப்பில் உள்ள தொடக்க மாற்றம் நழுவிப்போகும். ஸ்கேனுக்குள் தலையை அசைத்திருந்தாலும் கணக்குத் தவறும். அசைவு மூளையின் மேற்பட்டையை உண்மையில் இருப்பதைவிட மெல்லியதாகக் காட்டும்.

அதனால் புதிதாக எதையும் எடுப்பதற்கு முன், ரிப்போர்ட் தாளோடு படங்கள் உள்ள சிடியையும் எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். "ஹிப்போகேம்பஸுக்கு ஷெல்டன்ஸ் மதிப்பெண் எவ்வளவு? நுண் ரத்தக்கசிவுகள் இருக்கின்றனவா?" என்று கேளுங்கள். அந்த சிடியைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் மறுபடி எடுக்க நேர்ந்தால் அதே இயந்திரத்தில், அதே முறையில் எடுப்பது நல்லது. வேறு இயந்திரத்தில் எடுத்த அளவை இதனோடு ஒப்பிட்டு 'சுருங்கிவிட்டது' என்று சொல்வதில் பிழை நிறைய வரும்.

மதிப்பெண் 0 என்று வந்தாலும் அல்சைமர் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. 65 வயதுக்குள் நோய் வருபவர்கள் சிலருக்கு ஹிப்போகேம்பஸ் நன்றாகவே இருக்கும். மூளையின் பின்பகுதிதான் முதலில் சுருங்கும். எம்.ஆர்.ஐ.யின் முதல் வேலை, வேறு காரணங்களை விலக்குவது: மண்டைக்குள் மெதுவாகத் தேங்கும் ரத்தம், கட்டி, மூளை நீர் அதிகமாவது, பழைய பக்கவாதத் தழும்பு. அம்மாவின் ரிப்போர்ட்டில் இவை இல்லை என்றால் அதுவே நல்ல செய்தி.

இப்போது பெட் ஸ்கேன். சிறிதளவு கதிரியக்க மருந்தை ஊசியில் செலுத்தி, அது மூளையில் எங்கே சேர்கிறது என்று படமெடுப்பது இது. அந்தப் பெயரில் மூன்று வெவ்வேறு பரிசோதனைகள் இருக்கின்றன. எதைச் சொல்கிறார் என்று உறவினரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதலாவது, மூளை சர்க்கரையை எங்கே குறைவாக எடுத்துக்கொள்கிறது என்று காட்டுவது. அல்சைமரில் பொட்டுப் பகுதியும் உச்சிக்குப் பின்பகுதியும் மங்கித் தெரியும். இதற்கு 4 முதல் 6 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். ஊசி போட்டபின் மங்கலான, அமைதியான அறையில் பேசாமல் படுத்திருக்க வேண்டும். ரத்தச் சர்க்கரை கூடியிருந்தால் மருந்தோடு போட்டியிட்டு, படம் முழுவதும் மங்கிவிடும். நீரிழிவு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, அமிலாய்டு பெட். நரம்பணுக்களுக்கு வெளியே படியும் அமிலாய்டு புரதத்தை உயிரோடு இருக்கும் மனிதரின் மூளையில் பார்க்க முடியும் என்று 2004இல் வெளிவந்த பிட்ஸ்பர்க் ஆய்வு காட்டியது. அதில் பயன்பட்ட கார்பன் 11 மருந்து 20 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் என்பதால், தயாரிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது. பாதியாகக் குறைய 110 நிமிடம் எடுக்கும் ஃப்ளூரின் 18 மருந்துகள் வந்தபின்தான் பரவலானது. சாதாரண மூளையில் மருந்து உள்ளே உள்ள வெண்பகுதியில் மட்டும் ஒட்டும். வெளிப்புறச் சாம்பல் பகுதி மங்கலாக இருக்கும். அமிலாய்டு படிந்திருந்தால் அந்த எல்லையே அழிந்து, விளிம்புவரை பிரகாசமாகத் தெரியும்.

இந்த இடத்தை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். நினைவாற்றலில் எந்தக் குறையும் இல்லாதவர்களிலும் பலருக்கு அமிலாய்டு இருக்கிறது: 50 வயதில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, 90 வயதில் சுமார் 44 சதவீதம் பேருக்கு. மறதி வெளியே தெரிவதற்கு 15, 20 ஆண்டுகளுக்கு முன்பே அது படியத் தொடங்கிவிடுகிறது. ஆகவே 'பாசிட்டிவ்' வந்தால் அம்மாவின் மூளையில் அமிலாய்டு இருக்கிறது என்று மட்டுமே பொருள். இன்றைய மறதிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. 'நெகட்டிவ்' வந்தால்தான் பதில் உறுதியானது; மறதிக்கு அல்சைமர் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, வேறு இடத்தில் தேட வேண்டும் என்று சொல்லிவிடலாம். மூன்றாவதான டாவ் பெட், நரம்பணுவுக்குள் முறுக்கிக்கொள்ளும் டாவ் புரதத்தைக் காட்டுகிறது. மறதி எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதோடு அமிலாய்டைவிட டாவ்தான் நெருக்கமாக ஒத்துப்போகிறது.

உங்கள் அம்மாவுக்கு இப்போது அமிலாய்டு பெட் தேவையில்லை என்பதே என் கருத்து. முதலில் அரை மணி நேர நினைவுத்திறன் பரிசோதனையும், பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனைகளும் ஆகட்டும். தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரை சாப்பிடுகிறாரா, மனச்சோர்வு இருக்கிறதா, காது சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். காது கேட்காதவர் கேட்டதையே கேட்பார். இவ்வளவுக்குப் பின்னும் காரணம் பிடிபடாவிட்டாலோ, அமிலாய்டை நீக்கும் புது மருந்துகளுக்கு அவர் தகுதியானவரா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தாலோ ஸ்கேனுக்கு வேலை வருகிறது. லெக்கனெமாப், டோனனெமாப் போன்ற அந்த மருந்துகள் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். அவை மூளையில் வீக்கமும் கசிவும் உண்டாக்கக்கூடும் என்பதால், ஏற்கெனவே நான்குக்கு மேல் நுண் கசிவுகள் இருந்தால் பொதுவாகக் கொடுப்பதில்லை. நுண் கசிவு பற்றிக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். ரத்தத்தில் டாவ் புரதத்தின் ஒரு வடிவத்தை அளக்கும் பி-டாவ்217 என்ற பரிசோதனை கிடைக்கும் இடங்களில், பெட் இல்லாமலேயே பலருக்கு விடை கிடைக்கிறது.

உங்களுக்கு 44 வயது. மறதி எதுவும் இருப்பதாக எழுதவில்லை. எடுக்க வேண்டாம். பாசிட்டிவ் வந்தால் இன்று உங்களுக்குக் கொடுக்க உறுதியான சிகிச்சை இல்லை, கவலை மட்டும் மிஞ்சும். நெகட்டிவ் வந்தாலும் 64 வயதில் என்ன ஆகும் என்று அது சொல்லாது. குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக 65 வயதுக்கு முன்பே பலருக்கு நோய் வந்திருந்தால் மட்டும் மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். மற்றபடி ரத்த அழுத்தத்தை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். 2019இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவர மருந்து எடுத்தவர்களுக்கு, 140க்குக் கீழே வைத்தவர்களைவிட லேசான நினைவுக் குறைபாடு குறைவாகவே வந்தது. அம்மாவின் ரிப்போர்ட்டில் பார்த்தீர்களே, அந்த வெள்ளைப் புள்ளிகளும் 120க்குக் கீழே வைத்தவர்களுக்கு மெதுவாகத்தான் கூடின.