வெள்ளியைக் குறைக்கும் முன்

கைட்டோசான் சாரக்கட்டில் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பொருளால் ஆன, செல்கள் வளர்வதற்கான நுண்துளைத் தாங்கி) வெள்ளி நானோ துகள் சேர்த்ததும் பாக்டீரியாவோடு ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் இணைப்புத் திசுச் செல்களும் சாகின்றன, வெள்ளியைக் குறைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு முன், வெள்ளியே இல்லாத சாரக்கட்டில் அதே செல்களை வளர்த்துப் பாருங்கள்.

அதிலும் செத்தால் காரணம் வேறு. கைட்டோசானை அசிட்டிக் அமிலத்தில்தானே கரைத்தீர்கள்? உறையவைத்து உலர்த்திய பிறகும் அமிலம் உள்ளே தங்கிவிடும். சாரக்கட்டைப் போட்ட சில மணி நேரத்தில் வளர்ப்பு ஊடகத்தின் இளஞ்சிவப்பு மஞ்சளாகிறதா, கவனியுங்கள். மஞ்சளானால் அமிலம் கசிகிறது என்று பொருள்; சாரக்கட்டை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, பிஎச் நடுநிலைக்கு வரும்வரை கழுவுங்கள். சாரக்கட்டை உறுதியாக்க, இழைகளைப் பிணைக்கும் குளுட்டரால்டிஹைடு சேர்த்திருந்தால் அதன் மிச்சமும் செல்லுக்கு விஷம்தான். கிளைசின் கரைசலில் ஊறவைத்துக் கழுவினால் பெரும்பாலும் அடங்கும்.

செல்கள் பிழைத்தால், சரி, வெள்ளிதான் காரணம். அப்போதும் மொத்த அளவைவிட, முதல் நாளிலேயே எவ்வளவு வெள்ளி அயனி வெளியேறுகிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன். சாரக்கட்டை ஊடகத்தில் 37 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் ஊறவைத்து, அந்தச் சாற்றைப் படிப்படியாக நீர்த்துச் சோதியுங்கள். மருத்துவச் சாதனங்களின் செல் நச்சுத்தன்மையைச் சோதிக்கும் தரநிலையான ஐஎஸ்ஓ 10993-5 படி, உயிரோடிருக்கும் செல்களின் அளவு, சாறு சேர்க்காத செல்களோடு ஒப்பிட்டால் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அது நச்சு. அப்புறம், பாக்டீரியா சோதனையையும் அதே நீர்த்தல்களில் செய்யுங்கள். பாக்டீரியா சாகவும் செல்கள் பிழைக்கவும் பொருந்தும் அளவு இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.